பஸ் நின்றிருந்தது

சிவப்பு விளக்கு எரிய நின்றிருந்த பள்ளிப் பேருந்தைத் தாண்டி நான் காரை ஓட்டினேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். இதைப் போலீஸ்காரரிடம் சொல்லவில்லை. வக்கீலிடம் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று நீதிபதி நேருக்கு நேர் கேட்டபோதும் சொல்லவில்லை. வீட்டில் சொல்லவே பல வருஷம் ஆயிற்று.

நியூஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டி. நம் ஆட்கள் நிறையக் குடியிருக்கும் ஒரு டவுன்ஷிப். காலை நேரம். ஆபீஸ் கால் ஒன்று கார் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மஞ்சள் பேருந்து வேகம் குறைத்து வந்தது. அதன் நெற்றியில் ஆம்பர் விளக்குகள் மாறி மாறி அடித்தன. ஆம்பர் அடித்தால் பேருந்து நிற்கப் போகிறது என்று பொருள். லைசென்ஸ் எடுக்கும்போதே படித்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன். சிவப்பு விழுவதற்குள் கடந்துவிடலாம் என்ற கணக்கு. பேருந்து நின்றது. சிவப்பு விழுந்தது. பக்கவாட்டில் ஸ்டாப் பலகை விரிந்தது. அப்போதும் என்னால் நிறுத்தியிருக்க முடியும். நிறுத்தவில்லை.

என் பக்கத்து நடைபாதையில் ஒரு சிறுமி சாலையைக் கடக்கத் தயாராக நின்றாள். சல்வாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பாட்டி ஒருவர் கூட இருந்தார். சிறுமி ஒரு காலைத் தார்ச்சாலையில் வைத்துவிட்டாள். பாட்டி அவள் புத்தகப் பையைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் பையின் ஒரு பட்டை தோளிலிருந்து நழுவி முழங்கை வரை வந்தது. அதைப் பார்க்கும் தூரத்தில் நான் இருந்தேன். பார்த்துக்கொண்டே போனேன்.

பின்னால் ரோந்து கார் வந்தது எனக்குத் தெரியாது. ஓரம் கட்டச் சொன்னார்கள். “பஸ்ஸைப் பார்த்தீர்களா?” என்று அதிகாரி கேட்டார். “வெயில் கண்ணில் அடித்தது” என்றேன். அன்று வானம் முழுக்க மேகம். அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ஒரு கணம் பார்த்தார். பிறகு டிக்கெட்டை எழுதினார்.

இந்த விஷயத்தில் நியூஜெர்சிச் சட்டம் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் முன்னால் வருகிறவர், பின்னால் வருகிறவர் எல்லோரும் குறைந்தது 25 அடி தள்ளி நிற்க வேண்டும். நடுவே தடுப்போ திட்டோ உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வருகிறவருக்கு மட்டும் விலக்கு. அவரும் 10 மைல் வேகத்துக்கு இறங்க வேண்டும். நான் போன சாலையில் தடுப்பு இல்லை, மஞ்சள் கோடு மட்டும். மீறினால் முதல் தடவைக்குக் குறைந்தது 100 டாலர் அபராதம், 15 நாள் வரை சிறை அல்லது 15 நாள் சமூகப் பணி, லைசென்ஸில் 5 பாயிண்ட். சிவப்பு சிக்னலைத் தாண்டினால்கூட 2 பாயிண்ட்தான். மனிதர் செத்தாலும் பரவாயில்லை என்று ஓட்டுகிறவனுக்குக் கொடுக்கும் அதே ஐந்தை இதற்கும் வைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட்டில் ‘கோர்ட்டில் ஆஜராக வேண்டும்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. வேகமாகப் போனதற்கான சாதாரண டிக்கெட் என்றால் இணையத்தில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். இது அப்படியில்லை. தேதிக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும், லைசென்ஸ் முடங்கும். ஊரில் கோர்ட் வாசலை மிதிக்காத குடும்பம் எங்களுடையது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது உண்மை. எதற்காக நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுமிக்காக இல்லை. இன்ஷூரன்ஸ் ஏறுமே, பாயிண்ட் வருமே, சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் இதை எழுத வேண்டுமே என்று.

சில நாளில் தபால்பெட்டி வக்கீல்களின் கடிதங்களால் நிறைந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்து அனுப்புவார்கள். இங்கே வசிக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நண்பர்களிடம் கேட்டேன். “ஒண்ணும் ஆகாதுப்பா, அன்சேஃப் டிரைவிங்னு மாத்திடுவாங்க. காசைக் கட்டிட்டு வந்துடு” என்றார்கள். எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது, எல்லாக் கதையும் நல்லபடி முடிந்திருந்தது. நான் அவர்களிடம் சொன்ன கதையில் பேருந்து அப்போதுதான் நின்றது. சிறுமி இல்லை, பாட்டி இல்லை.

வக்கீல் வைத்தேன். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். குற்றத்தை மறுப்பதாக முதலில் எழுதிப் போட்டார். ரோந்து காரின் வீடியோவைக் கேட்டு வாங்கினார். அரசுத் தரப்பு கையில் இருக்கும் சாட்சியத்தைக் கேட்டுப் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. வீடியோவைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். பஸ் தெரிகிறது, விளக்கு தெரிகிறது, ஆனால் பக்கத்தில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். என் கார் மறைத்திருக்கிறது. “அது நமக்கு நல்லது” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு குழந்தை படத்தில் விழவில்லை என்பதற்காக நிம்மதிப்பட்டேன். இத்தனையிலும் என்னை அதிகம் கூச வைப்பது அந்த நிம்மதிதான்.

அதே ஃபோனில் குடியுரிமை பற்றிக் கேட்டேன். போக்குவரத்து டிக்கெட் வேறு, திருட்டு சம்பந்தப்பட்ட சின்ன வழக்கு வேறு என்று பொறுமையாக விளக்கினார். கடையில் பொருள் எடுத்த வழக்கில் முதலில் ‘கில்டி’ என்று ஒப்புக்கொண்டு, ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு 2014 முதல் இங்கே இருக்கிறது. உள்ளூர் கோர்ட்டைப் பொறுத்தவரை அது தள்ளுபடி. ஆனால் குடிவரவுச் சட்டம் அந்த ஒப்புதலைப் பிடித்துக்கொள்ளும், தண்டனை பெற்றதாகவே கணக்கில் வைக்கும் என்றார். என் கேள்விக்குத் தேவையில்லாத விவரம்தான். ஆனாலும் மனதில் தங்கிவிட்டது. அது தங்கியிருந்தும் நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோவிட்டுக்கு முந்திய காலம் அது. இப்போது பல அமர்வுகள் ஜூமில் நடக்கின்றன, அன்று நேரில்தான். முனிசிபல் கோர்ட் என்றதும் நான் கற்பனை செய்தது சினிமாவில் வரும் கோர்ட். போய்ப் பார்த்தால் டவுன்ஷிப் அலுவலகக் கட்டடம், போலீஸ் நிலையம் பக்கத்திலேயே. மற்ற நாட்களில் கவுன்சில் கூட்டம் நடக்கும் அறையில்தான் கோர்ட்டும். வாசலில் மெட்டல் டிடெக்டர். உள்ளே வரிசை வரிசையாக நாற்காலி. ஜூரி கிடையாது; நீதிபதி ஒருவரே எல்லாம் கேட்டு முடிவு சொல்கிறார். அவரை நியமிப்பதும் ஊர்தான், மூன்று வருஷத்துக்கு. பல நீதிபதிகளுக்கு இது பகுதிநேரப் பொறுப்பு. பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகிறது.

நீதிபதி வந்ததும் எல்லோருக்கும் பொதுவாக உரிமைகளைச் சொன்னார். குற்றம் நிரூபணமாகும்வரை நீங்கள் நிரபராதி. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசின் பொறுப்பு. பேசாமல் இருக்கும் உரிமை உண்டு. சிறையோ லைசென்ஸ் பறிப்போ வரக்கூடிய வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் பப்ளிக் டிஃபெண்டர் கேட்கலாம். அதற்கான கட்டணம் அதிகபட்சம் 200 டாலர், அதையும் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, அதற்குக் காசு கிடையாது. இவ்வளவையும் அவர் தெளிவாகச் சொன்னார். அறையில் பாதிப் பேர் காதில் அது விழவில்லை. பயந்திருக்கும் மனிதனுக்குத் தன் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

உண்மையான வேலை அந்த மேடைக்கு முன்னால் நடப்பதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் பிராசிக்யூட்டர், அவர் முன்னால் கட்டுக் கட்டாகக் கோப்பு. வாசலில் வரிசை. ஒவ்வொருவரும் உள்ளே போய் இரண்டு மூன்று நிமிஷம் பேசுகிறார்கள். குற்றச்சாட்டு சின்னதாகிறது, அல்லது ஆகாமல் போகிறது. வக்கீல் வைத்தவர்களின் வழக்கை முதலில் எடுக்கிறார்கள். வக்கீல் இல்லாதவர்களும் பிராசிக்யூட்டரிடம் தாங்களே பேசலாம், ஆனால் பலருக்கு அது தெரியாது. காங்கிரீட் தூசு ஒட்டிய பூட்ஸோடு ஒருவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் வேலை முடிந்து கிளம்பும்போதும் அங்கேயே இருந்தார். அவருடைய ஒரு நாள் கூலி அந்த நாற்காலியில் போயிற்று. என் நேரத்தை நான் காசு கொடுத்து மீட்டுக்கொண்டேன்.

என் வக்கீல் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மனைவியோடு ஃபோனில் நான் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. “அண்ணா, நீங்க தமிழா?” என்றான். இருபத்தைந்து வயது இருக்கலாம். வேலை விசாவில் இருக்கிறான். கடையில் செல்ஃப் செக்அவுட்டில் இரண்டு பொருளை ஸ்கேன் பண்ணாமல் பையில் போட்டுவிட்டானாம். தெரியாமல் நடந்தது என்றும் சொன்னான், தெரிந்துதான் செய்தேன் என்றும் சொன்னான். இரண்டையும் ஒரே மூச்சில். கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, அதன் மடிப்பு கிழியும் நிலைக்கு வந்திருந்தது.

“கில்டின்னு சொல்லிட்டா ஒரு வருஷத்துல டிஸ்மிஸ் ஆயிடும்னு ஃப்ரெண்டு சொன்னான்ணா. இன்னைக்கே சொல்லி முடிச்சிடவா?”

எனக்குப் பதில் தெரியும். வக்கீல் எனக்கு ஃபோனில் சொன்ன அதே விஷயம். ‘தம்பி, சொல்லாதே, தேதி தள்ளிக் கேள், குடிவரவு வக்கீலை ஒருமுறை பார்’ என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். இவன் யாருக்குச் சொந்தம், யாரிடம் போய் என்னைக் கோர்ட்டில் பார்த்ததாகச் சொல்வான் என்று மனம் கணக்குப் போட்டது. “எனக்கு அவ்வளவா தெரியாதுப்பா. வக்கீல் யாரையாவது கேளு” என்றேன். பிறகு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, வெறும் ஃபோன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நியூஜெர்சி மாநிலம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிராசிக்யூட்டர் எழுந்து, பள்ளிப் பேருந்துக் குற்றச்சாட்டை அன்சேஃப் டிரைவிங்காக மாற்றச் சம்மதம் என்றார். 2000-இல் வந்த சட்டப் பிரிவு அது. ஐந்து வருஷத்துக்குள் முதல் இரண்டு தடவைக்குப் பாயிண்ட் கிடையாது, பணம் மட்டும். மூன்றாவது தடவை என்றால்தான் 4 பாயிண்ட்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்மதம் என்று தலையாட்டினால் கோர்ட் விட்டுவிடாது. யாராவது வற்புறுத்தினார்களா, விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது தெரியுமா என்று நீதிபதி கேட்பார். அதன்பின், செய்தது என்ன என்பதை நம் வாயாலேயே சொல்லச் சொல்வார். செய்யாத குற்றத்தை யாரும் பயத்தில் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நான் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் பாருங்கள்.

“என்ன நடந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்றார் நீதிபதி.

“பள்ளிப் பேருந்து இருந்த சாலையில் போதிய கவனம் இல்லாமல் ஓட்டினேன், யுவர் ஆனர்.” வக்கீலின் வார்த்தை.

“அப்படி ஓட்டியது பிறருக்கு ஆபத்தாக முடிந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?”

“ஆமாம்.”

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்குக் காரணமும் இல்லை. சிறுமி அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லையே. அவள் இருந்தது என் ஒருவன் தலைக்குள்தான். சட்டம் எனக்குப் பேசாமல் இருக்கும் உரிமையைக் கொடுத்திருந்தது, உண்மைதான். ஆனால் நான் அங்கே பேசாமல் இருக்கவில்லை, பேசினேன். கவனக்குறைவு என்று சொன்னேன். என்னிடம் கவனக்குறைவே இல்லை. ஆம்பரைக் கவனித்தேன், சிவப்பைக் கவனித்தேன், பையின் பட்டை நழுவியது வரை கவனித்தேன். வக்கீல் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் வாதாட முடியும், நான் அவரிடமும் மறைத்தேன்.

கோர்ட் அலுவலக ஜன்னலில் பணம் கட்டினேன். அபராதம், சட்டம் சொல்லும் 250 டாலர் கூடுதல் கட்டணம், கோர்ட் செலவு எல்லாம் சேர்த்து நானூற்றுச் சொச்சம் டாலர். ரசீதை மடித்துப் பையில் வைத்ததும் இலேசாக இருந்தது. அன்று இரவு நண்பர்களுக்கு ‘முடிஞ்சுது, ஜீரோ பாயிண்ட்’ என்று செய்தி போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

அடுத்து நான் செய்ததுதான் நெடுநாள் நீடித்த தவறு. ஊர்க் கோர்ட்டுகளைப் பற்றி நிறையப் படிக்க ஆரம்பித்தேன். மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் ஊரைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். சுமார் 21,000 பேர் வாழும் ஊர். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்டவர்கள் மேல் அந்த ஊர்க் கோர்ட்டின் வாரண்ட் நிலுவையில் இருந்தது. நகர வருமானத்துக்காகக் கறுப்பின மக்களை அபராதத்தால் பிழிந்திருந்தார்கள். நியூஜெர்சியிலேயே உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஊர்கள் தங்கள் கோர்ட்டை வருமானத்துக்கு நம்பியிருப்பதைப் பற்றி 2018-இல் கவலையோடு எழுதியது. அடுத்த ஜனவரியில், 15 வருஷத்துக்கு மேல் தீராமல் கிடந்த சிறு வழக்குகள் 7,87,000-க்கும் அதிகமானவற்றை உச்ச நீதிமன்றமே ஒரேயடியாகத் தள்ளுபடி செய்தது. பார்க்கிங் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட முடியாமல், அதற்கு வாரண்ட் வந்து, லைசென்ஸ் போய், லைசென்ஸ் போனதால் வேலை போய்த் தத்தளித்தவர்களின் கதை அது.

இதெல்லாம் நியாயமான குற்றச்சாட்டு. இன்றும் மாற வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் நான் அதை எடுத்துப் பேசியது அந்த மக்களுக்காக அல்ல. யாராவது என் டிக்கெட் பேச்சை எடுத்தால், “எல்லாம் காசு பறிக்கிற வேலைங்க” என்று ஆரம்பித்து ஃபெர்குசன் வரை போய்விடுவேன். என்னிடம் யாரும் அநியாயமாகப் பணம் பறிக்கவில்லை. அந்த ரோந்து அதிகாரி அந்தக் காலையில் செய்தது அந்தத் தெருவுக்கே தேவையான வேலை. நசுக்கப்பட்டவர்களின் வலியை எடுத்து என் தப்புக்கு மேல் போர்த்திக்கொண்டேன். பூட்ஸோடு உட்கார்ந்திருந்த அந்தத் தொழிலாளி பேச வேண்டிய பேச்சை நான் பேசினேன்.

போன வருஷம் என் மகளைப் பேருந்து ஏற்றிவிடப் போயிருந்தபோது ஒருவன் சிவப்பைத் தாண்டிப் போனான். நான் கத்தினேன். நம்பரைக் குறித்துப் போலீஸில் கொடுக்க ஃபோனை எடுத்தேன், எடுத்தபடியே நின்றுவிட்டேன். பிறகு கொடுத்தேன், கொடுத்தது சரி. அன்று மாலை மனைவியிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பாட்டிக்கு உன் காரை அடையாளம் தெரிஞ்சிருக்குமா?” எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் அவர்கள் இப்போதும் இருக்கிறார்களா என்று போய்ப் பார்க்கும் துணிவும் இதுவரை வரவில்லை. அதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை மட்டும் இப்போதாவது சொல்கிறேன். அவன் படிக்காவிட்டாலும், அவன் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவன் படிக்கலாம்.

தம்பி, முதல் நாளே எதையும் ஒப்புக்கொண்டு முடிக்க வேண்டியதில்லை. வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும் என்று கேள். முதல் தடவை கேட்டால் பெரும்பாலும் தேதி தருவார்கள். 200 டாலருக்குக் குறைவான பொருள் என்றால் வழக்கு இந்தக் கோர்ட்டிலேயே நடக்கும். ஆனால் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறைக்கும் 1,000 டாலர் வரை அபராதத்துக்கும் இடம் இருக்கிறது. சின்ன வழக்கு என்று நினைக்காதே. பணமில்லை என்றால் பப்ளிக் டிஃபெண்டருக்கு விண்ணப்பம் கேள். வருகிற வக்கீலிடம் உன் விசா என்ன என்பதை முதல் வாக்கியமாகச் சொல். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. குற்றச்சாட்டை ஊர் விதிமீறலாக மாற்ற வழி இருக்கிறதா என்று அவரைக் கேட்கச் சொல். ‘கில்டி’ சொல்லி ஒரு வருஷத்தில் தள்ளுபடியாகும் ஏற்பாட்டை, குடிவரவு வக்கீல் பார்க்காமல் தொடாதே. நடந்ததை உன் வக்கீலிடம் ஒன்று விடாமல் சொல்; நீ சொல்வது அவரைத் தாண்டி வெளியே போகாது.

அன்றைக்கே சொல்லிவிட்டாய் என்றாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது கடந்திருந்தால், ஒப்புதலைத் திரும்பப் பெற அந்தக் கோர்ட்டிலேயே மனுப்போட வழி இருக்கிறது. அந்த மனுவுக்கு முதலில் தேவைப்படுவது அன்றைய ஒலிப்பதிவு. கோர்ட் அலுவலக ஜன்னலில் எழுதிக் கொடுத்தால் நகல் தருவார்கள். இன்றைக்கே போய்க் கேள்.